நரபலிக் கதைகளில் பலியாகிறவரின் சம்மதம்

ஓலைச்சுவடி:

நரபலி பற்றிச் சமய நூல்களிலும் காவியங்களிலும் நாடகங்களிலும் வரும் பகுதிகளைச் சேர்த்து வாசிக்கும்போது ஒரு செய்தி மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது. எந்தத் தெய்வத்துக்கு, என்ன காரணத்துக்காகப் பலி என்பதைச் சில வரிகளில் முடித்துவிடும் கதைகள்கூட, பலியாகிறவர் மனமுவந்து இசைந்தார் என்பதை நிறுவுவதற்குத் தாராளமாக இடம் ஒதுக்குகின்றன. இந்தச் சம்மதம் யாருக்குத் தேவைப்படுகிறது என்பதே நான் இங்கே விவாதிக்க விரும்பும் கேள்வி.

அரவானை எடுத்துக்கொள்வோம். வடமொழிப் பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படுகிறான். அங்கே பலி என்ற பேச்சே இல்லை. தமிழில் வில்லிபுத்தூரார் பாரதம் போன்ற நூல்களிலும் தெருக்கூத்திலும்தான் அவன் காளிக்குக் களப்பலியாகிறான். முப்பத்திரண்டு இலட்சணங்களும் பொருந்தியவர்கள் கண்ணன், அருச்சுனன், அரவான் ஆகியோர்தாம் என்றும், முதலிருவரும் போருக்கு இன்றியமையாதவர்கள் என்றும் கூத்தில் கணக்குச் சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கு முடிந்த பிறகே அரவான் தானாக முன்வருகிறான். நாககன்னி உலூபியின் மகனாகிய அவன், பாண்டவர் வீட்டில் வளராத பிள்ளை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவனுடைய சம்மதத்துக்கு முன்பே தேர்வு முடிந்துவிட்டது தெரியும்.

கிரேக்கத்தில் சம்மதம் பின்னர் வந்து சேரும் மாற்றம் எழுத்திலேயே பதிவாகியிருக்கிறது. கி.மு. 458-இல் மேடையேறிய அகமெம்னோன் நாடகத்தில் ஈஸ்கிலசின் இபிகேனியா, ட்ராய் படையெடுப்புக்காகத் தந்தை அகமெம்னோனால் பலியிடப்படும் மகள், வாய் கட்டப்பட்டுப் பலிபீடத்துக்குத் தூக்கிச் செல்லப்படுகிறாள். அவள் குடும்பத்தைச் சபித்துவிடக் கூடாது என்பதற்காகவே தந்தை வாயைக் கட்டச் சொல்கிறான். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த யூரிப்பிடிசின் நாடகத்தில் அதே பெண் முதலில் தந்தையிடம் உயிருக்காகக் கெஞ்சிவிட்டு, பிறகு கிரேக்க நாட்டுக்காக நானே சாகிறேன் என்கிறாள். கெஞ்சியவளும் பிறகு வருபவளும் ஒருத்தியாகவே தோன்றவில்லை என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் குறை சொன்னார். அவர் அதைப் பாத்திரப் படைப்பின் குறையாகப் பார்த்தார். நான் அதைப் பார்வையாளர்களின் தேவையாகப் பார்க்கிறேன். வாய் கட்டப்பட்ட பெண்ணைப் பார்த்தபின் படையெடுப்பைக் கொண்டாட முடியாது. வாய் திறந்து வாழ்த்திவிட்டுச் செல்லும் பெண்ணைப் பார்த்தபின் கொண்டாடலாம்.

வாகைமாலை:

தங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் எல்லாப் பலியையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிறரைப் பலியிடுவதற்கும் தன்னையே பலி கொடுப்பதற்கும் இடையிலான வேறுபாட்டைத் தமிழ் மரபு மிகத் தெளிவாகவே வைத்திருக்கிறது. தொல்காப்பியம் வெற்றியைப் பாடும் வாகைத்திணையில் ‘தொல்லுயிர் வழங்கிய அவிப்பலி’ என்று ஒரு துறையையே வகுக்கிறது. கொடுப்பவனும் கொடுக்கப்படுவதும் ஒன்றாக இருக்கும் நிலை அது.

கலிங்கத்துப்பரணியில் காளி கோயிலைப் பாடும் இடத்தில் செயங்கொண்டார் எழுதிய தாழிசை பலருக்கும் மனப்பாடம்:

அடிக்கழுத்தி னெடுஞ்சிரத்தை அரிவ ராலோ
அரிந்தசிரம் அணங்கின்கைக் கொடுப்ப ராலோ
கொடுத்தசிரம் கொற்றவையைப் பரவு மாலோ
குறையுடலம் கும்பிட்டு நிற்கு மாலோ

இதைப் புலவரின் மிகை என்று ஒதுக்கிவிட முடியாது. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்துக்குள் சென்று பாருங்கள். கொற்றவையின் காலடியில் ஒருவன் ஒரு கையால் தன் தலைமயிரைப் பற்றிக்கொண்டு மறு கையால் கழுத்தில் வாளை வைத்திருக்கிறான். புள்ளமங்கைக் கோயிலிலும் துர்க்கையின் அருகே இத்தகைய வீரனைக் காணலாம். நெல்லூர்ப் பகுதியின் மல்லத்தில் உள்ள கம்பவர்மன் காலத்துக் கல்வெட்டு, ஒருவன் படாரி என்னும் பெண்தெய்வத்துக்கு நவகண்டம் (உடலின் ஒன்பது இடங்களில் சதையை அறுத்துக் கொடுத்தல்) கொடுத்துத் தலையை அறுத்துப் பீடிகைமேல் வைத்ததைச் சொல்லி, அதற்காக ஊரார் நிலம் கொடுத்ததையும் பதிவு செய்கிறது. இவர்களை யாரும் கட்டி இழுத்துச் செல்லவில்லை. தன் அரசனின் வெற்றிக்காகவோ நேர்ந்துகொண்ட நேர்ச்சைக்காகவோ தன் கையாலேயே கழுத்தை அரிந்தவனின் உறுதியை, பிறர் எழுதிச் சேர்த்த சம்மதம் என்று சொல்வது அவனுக்குச் செய்யும் அநீதி.

செங்காந்தள்:

மல்லம் கல்வெட்டைத் தாங்கள் குறிப்பிட்டது மிகவும் பயனுள்ளது. ஆனால் அது தங்கள் வாதத்துக்கு மட்டும் சான்றாகவில்லை. இறந்தவன் பெயரால் ஊர் நிலம் கொடுக்கிறது என்றால், தலைகொடுப்பதற்கு அந்தச் சமூகத்தில் ஒரு மதிப்பும் பிரதிபலனும் நிலைபெற்றிருந்தன என்று பொருள். புகழும் நிலமும் காத்திருக்கும் இடத்தில் ஒரு போர்க்குடியின் இளைஞன் எடுக்கும் முடிவு முழுக்க அவனுடையது என்று நாம் எப்படிச் சொல்வது? அவன் உறுதியை நான் ஐயப்படவில்லை. அந்த உறுதியை ஊட்டி வளர்த்தவர்களைப் பற்றியே கேட்கிறேன்.

அடுத்து, சிலப்பதிகாரத்தை இந்த விவாதத்தில் விட்டுவிட முடியாது. புகாரின் நாளங்காடியில் காவற்பூதத்தின் பலிபீடிகையில், வேந்தன் வெற்றி பெறுக என்று வீரர்கள் தங்கள் தலையை வைத்ததை இளங்கோவடிகள் விரிவாகவே பாடுகிறார். அவர்களுடைய சிவந்த கண்களும் முரசின் இடிபோன்ற முழக்கமும் அதில் உண்டு. அதே காப்பியத்தின் உரைபெறு கட்டுரையில், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் ‘பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வியால் விழவொடு சாந்தி செய்ய’ நாட்டில் மழை பெய்து நோயும் துன்பமும் நீங்கின என்று ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. நீர்ப்படைக் காதையிலும் இதே செய்தி ‘ஒருபகல் எல்லை உயிர்ப்பலி ஊட்டி’ என்று சில அடிகளில் வந்து போகிறது. கோவலன்மேல் பழி சுமத்தியவன் ஒரு பொற்கொல்லன். ஒரே பகலில் கொல்லப்பட்டவர்கள் ஆயிரம் பேர். அவர்கள் இசைந்தார்களா என்ற கேள்வியை நூல் எழுப்பவே இல்லை, ஏனென்றால் அவர்கள் ஒரு தொழிலைச் செய்தவர்கள் என்பதே அங்கே போதுமான காரணமாகிவிடுகிறது.

ஆகவே ஓலைச்சுவடி அவர்களின் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். அரசகுலத்தாரும் வீரரும் பலியானால் சம்மதம் விரித்துப் பாடப்படுகிறது. எளியவர் கூட்டமாகப் பலியானால் சம்மதம் என்ற பேச்சே எழுவதில்லை. கதைகள் யாரிடம் சம்மதம் கேட்டன என்று பார்ப்பதே, யாரை அவை முழு மனிதராக எண்ணின என்று பார்ப்பதற்கு நேர்வழி.

குழந்தையின் நிலை இவை இரண்டிலும் சேராது. அடியார் கோலத்தில் வந்த சிவபெருமான் பிள்ளைக்கறி கேட்ட கதையான சிறுத்தொண்டர் புராணத்தில் சேக்கிழார் ஒரு காட்சியை எவ்வளவு அருகில் சென்று காட்டுகிறார் என்று பாருங்கள். தாய் திருவெண்காட்டு நங்கை, கிண்கிணி அணிந்த சீராளனின் கால்கள் இரண்டையும் மடியில் இடுக்கிக்கொண்டு, அவன் கைகள் இரண்டையும் தன் கையால் பிடித்துக்கொள்கிறார். பெற்றோர் ஏதோ பெருமகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பிள்ளை சிரிக்கிறான். அந்தச் சிரிப்பின் நடுவே தந்தை தலையை அரிகிறார். குழந்தையிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு ஒன்றும் சொல்லவும் இல்லை. அறியாமையில் பிறந்த சிரிப்பு, சம்மதம் இருக்கவேண்டிய இடத்தை நிரப்புகிறது. இந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அடியார்க்கடியேன்:

செங்காந்தள் அம்மா அவர்களின் பதற்றம் எனக்கும் புரிகிறது. இந்தப் புராணத்தை நாள்தோறும் ஓதுகிறவர்களுக்கும் அது பதறச் செய்யும் பாட்டுத்தான். ஆயினும் புராணத்தின் முழுப் போக்கையும் வைத்துப் பேசவேண்டும் என்பது என் விண்ணப்பம். பயிரவக் கோலத்தில் வந்தவர் கேட்டது ஐந்து வயதுப் பிள்ளையை, ஒரு குடிக்கு ஒரே மகனை, உறுப்பில் பழுதில்லாதவனை. அதுவும் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து, இருவரும் மனமுவந்து சமைக்கவேண்டும் என்பது. அப்போது சிறுத்தொண்டர் மனைவியாரிடம் சொல்வதைக் கவனியுங்கள். நிறைய நிதி கொடுத்தால் பிள்ளையைத் தருகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் பெற்ற மகனைத் தாமே அரியும் தாய்தந்தையர் இருக்கமாட்டார்கள் என்கிறார். பொருள் கொடுத்துப் பிறர் பிள்ளையை வாங்கும் வழி அவர் கண்முன் இருந்தது. பரஞ்சோதியாராக வாதாபியை அழித்துப் பெருஞ்செல்வம் கொண்டுவந்தவருக்கு அது இயலாததும் அன்று. அந்த வழியை அவர் விட்டுவிடுகிறார்.

முடிவில் பிள்ளை பள்ளியிலிருந்து வருகிறவனைப்போல ஓடிவருகிறான். சமைத்த கறியும் வந்தவரும் மறைந்துவிடுகின்றனர். இறைவனுக்கு அந்த இறைச்சி வேண்டியிருக்கவில்லை என்பதே அடியார்கள் காலங்காலமாக உணர்ந்துவரும் பொருள். பைபிளில் கடவுளின் கட்டளைப்படி மகனைப் பலியிடப் போன ஆபிரகாமின் கை மோரியா மலையில் தடுக்கப்படுவதும், குர்ஆனில் அந்த மகனுக்கு ஈடாக மகத்தான பலி தரப்படுவதும் இதே வரிசையில் வைக்கத்தக்கவை. இவற்றை நரபலிக்கு ஆதரவான கதைகள் என்று எண்ணுவது பொருந்தாது. பற்றில் எது கடைசியானதோ அதையும் விடமுடியுமா என்று கேட்கும் கதைகள் இவை.

ஓலைச்சுவடி:

ஐயா, மோரியா மலையைத் தாங்கள் குறிப்பிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு, நெருப்பும் கட்டையும் இருக்கின்றனவே, தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று மட்டும் கேட்கிறான். அதற்கு மழுப்பலான ஒரு விடை கிடைக்கிறது. பிறகு தந்தை அவனைக் கட்டிக் கட்டைகளின்மேல் கிடத்துகிறார். குர்ஆனின் 37-ஆம் அத்தியாயத்தில் தந்தை தாம் கண்ட கனவை மகனிடம் சொல்லி அவன் கருத்தைக் கேட்கிறார். உங்களுக்கு இடப்பட்ட கட்டளையைச் செய்யுங்கள், என்னைப் பொறுமையாளராகக் காண்பீர்கள் என்கிறான் மகன். ஒரே நிகழ்ச்சியின் இரண்டு வடிவங்களில் பின்னதில் மகனுக்குக் குரல் கிடைத்திருக்கிறது. கேட்காமல் செய்வது தகாது என்ற உணர்வு சமய மரபுக்கு உள்ளேயே வளர்ந்ததை இது காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

நிதி கொடுத்தால் தருவார் உண்டு என்று சிறுத்தொண்டர் சொன்னது வெறும் கற்பனை அன்று. வேத நூலான ஐதரேய பிராமணத்தில் சுனஃசேபன் கதை முழுவதும் அந்த விலையைப் பற்றியதுதான். அரிச்சந்திரன் தன் மகன் ரோகிதனை வருணனுக்குப் பலியிடுவதாக வாக்களித்துவிட்டு நாளைக் கடத்துகிறான். ரோகிதன் காட்டில் பசியால் வாடும் அஜீகர்த்தன் என்ற அந்தணரிடம் நூறு பசுக்கள் கொடுத்து ஒரு மகனைக் கேட்கிறான். தந்தை மூத்தவனை விடமாட்டார். தாய் இளையவனை விடமாட்டார். நடுவில் பிறந்த சுனஃசேபன் விற்கப்படுகிறான். வேள்விக் கம்பத்தில் கட்டுவதற்கு ஆள் கிடைக்காதபோது தந்தையே இன்னொரு நூறு பசுக்களுக்குக் கட்டுகிறார். வெட்டுவதற்கும் ஆள் இல்லாதபோது மேலும் நூறு பசுக்களைப் பெற்றுக்கொண்டு கத்தியைத் தீட்டியபடி வருகிறார்.

இந்தக் கதையின் பெருமை அடுத்த வரியில் இருக்கிறது. மனிதனே அல்லாத ஒன்றைப்போல என்னை இவர்கள் வெட்டப்போகிறார்கள் என்று சுனஃசேபன் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். பிறகு தேவர்களை ஒவ்வொருவராகத் துதிக்கிறான். விடியலின் தேவியான உஷையைப் பாடப்பாடக் கட்டுகள் அவிழ்கின்றன. விடுபட்டபின் தந்தை அவனைத் திரும்ப அழைக்கும்போது, என்னைவிட முந்நூறு பசுக்களைப் பெரிதென்று கொண்டீர்களே என்று மறுத்துவிட்டு விசுவாமித்திரரின் மகனாகிறான். நரபலி இலக்கியத்தில் பலிக்கு நிறுத்தப்பட்டவனே உயிரோடு எழுந்து கணக்குக் கேட்கும் இடம் இது. இதற்கு இணையான இன்னொன்றை நான் கண்டதில்லை. சதபத பிராமணத்தில் மனிதரைப் பலியிடும் வேள்வியான புருஷமேதம் பற்றிய பகுதியிலும், முடித்துவிடாதே, முடித்தால் மனிதனை மனிதன் உண்பான் என்று ஒரு குரல் எழுந்து, கட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்படுகிறார்கள். கடவுளின் பெயரால் கேட்கப்பட்டதை, நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனத்தில் தோன்றவும் இல்லை என்று எரேமியாவின் நூலில் கடவுளே மறுக்கிறார். எதிர்ப்பும் நூல்களுக்கு உள்ளேதான் எழுந்திருக்கிறது.

நெடுங்கல்:

இதுவரை நூல்களையே பேசிவந்திருக்கிறோம். மண்ணிலிருந்து கிடைத்த சான்றுகளையும் சேர்க்கலாம் என்று எண்ணுகிறேன். முதலில் ஓர் எச்சரிக்கை. நரபலி பற்றிய வரலாற்றுக் குறிப்புகளில் கணிசமானவை எதிரிகள் எழுதியவை. கார்த்தேஜில் பிள்ளையற்றவர்கள் ஏழைகளிடம் குழந்தைகளை வாங்கிப் பலியிட்டார்கள், தாய் கண்ணீர் விட்டால் பேசிய பணம் கிடைக்காது, அழுகுரல் கேட்காதபடி குழலும் பறையும் ஒலித்தன என்று புளூட்டார்க் எழுதுகிறார். ஆனால் அவர் அந்த நகரம் அழிந்து இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர். அங்கே தாழிகளில் கிடைத்த பச்சிளங்குழந்தைகளின் எரிந்த எலும்புகள் பலியானவர்களுடையவையா, இயற்கையாக இறந்தவர்களுடையவையா என்று ஆய்வாளர்கள் இன்றும் மோதுகிறார்கள். 1487-இல் அஸ்டெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லானின் கோயில் விழாவில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியிடப்பட்டார்கள் என்ற எண்ணை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. எனினும் 2015 முதல் மெக்சிகோ நகரத்தின் அடியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மண்டையோட்டு அடுக்குகளில் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். மிகைப்படுத்தப்பட்டது என்பதால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது. ஒடிசாவின் கொந்தர் என்னும் பழங்குடியினரிடையே இருந்த மெரியா என்னும் நரபலியைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் அதை ஒடுக்கச் சென்று, ஒடுக்குவதைக் காரணமாகக் காட்டி மலைகளைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்த ஆங்கில அதிகாரிகளின் எழுத்துகளே. விலை கொடுத்து வாங்கப்பட்ட ஆள்தான் மெரியாவாக முடியும் என்று அவர்கள் எழுதியிருப்பதை ஓலைச்சுவடி அவர்களின் முந்நூறு பசுக்களோடு சேர்த்துப் படிக்கலாம்.

சம்மதத்தைப் பற்றி நேரடியாகப் பேசும் சான்று ஒன்று உண்டு. 1999-இல் அர்ஜென்டினா எல்லையில் யுயாயாக்கோ என்னும் எரிமலையின் 6,739 மீட்டர் உயரத்துச் சிகரத்தில், இன்கா காலத்தில் பலியிடப்பட்ட மூன்று பிள்ளைகளின் உடல்கள் குளிரில் உறைந்து கெடாமல் கிடைத்தன. மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். மற்றச் சிறுமிக்கும் சிறுவனுக்கும் நான்கு, ஐந்து வயது. 2013-இல் வெளியான தலைமயிர் ஆய்வு, மூத்த பெண்ணின் வாழ்வின் கடைசி ஆண்டைக் கிட்டத்தட்ட மாதவாரியாகக் காட்டுகிறது. சாவுக்கு ஓராண்டு முன்பிருந்து அவளுக்குக் கோக்கா இலை மிகுதியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கடைசி வாரங்களில் மதுவின் அளவு மிக உயர்ந்திருக்கிறது. அவள் பற்களுக்கிடையே மெல்லப்பட்ட கோக்கா இலை அப்படியே இருந்தது. கால்களை மடித்து, தலை சற்றே சாய்ந்து, உறங்குகிறவளைப்போல அமர்ந்திருக்கிறாள். சிறுவனின் உடல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. இந்தப் பிள்ளைகள் தெய்வங்களிடம் மகிழ்ச்சியோடு அனுப்பப்பட்டதாகத்தான் ஸ்பானியர் குறித்துவைத்த இன்கா மரபுச் செய்திகளும் கூறுகின்றன.

இன்னொன்று. தீவுகளில் பரவிய ஆஸ்திரோனேசியப் பண்பாடுகளுள் 93-ஐ ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. சமத்துவம் மிக்க சமூகங்கள் இருபதில் ஐந்தில் நரபலி இருந்தது. ஏற்றத்தாழ்வு மிக உயர்ந்திருந்த இருபத்தேழில் பதினெட்டில் இருந்தது. பலியானவர்கள் பெரும்பாலும் அடிமைகளும் தாழ்நிலையில் இருந்தவர்களும். பலியிட்டவர்கள் தலைவர்களும் பூசாரிகளும். ஆய்வின் முறையியல்மேல் விமர்சனங்கள் உண்டு என்றாலும், செங்காந்தள் அவர்கள் பொற்கொல்லரைக் காட்டிச் சொன்னதற்கு இது வலுவான துணை என்றே கருதுகிறேன்.

வாகைமாலை:

நெடுங்கல் அவர்களின் சான்றுகள் கனமானவை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இலையும் மதுவும் கொடுத்ததை வைத்து, கொற்றவையின் முன் நின்ற வீரனையும் மயக்கப்பட்டவனாகக் கொள்ளமுடியாது. அவன் கை நடுங்கியிருந்தால் அந்தச் செயலே நடந்திருக்காது. என் நிலைப்பாடு அதுதான்.

பலியானவர்களுக்காக அழும் மரபைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. கூவாகத்தில் சித்திரை மாதத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழும் திருநங்கைகள், அந்தப் பலியை வெற்றியின் கணக்கில் வைக்கவில்லை. ஓர் இழப்பாகவே நினைவுகூர்கிறார்கள். பைபிளில் யெப்தா என்ற தலைவன் வெற்றிக்காக நேர்ந்துகொண்டபடி தன் ஒரே மகளைப் பலி கொடுக்கிறான். அவள் தோழியரோடு மலைகளில் அலைந்து அழ இரண்டு மாதம் கேட்கிறாள். அவளுக்காக ஆண்டுதோறும் நான்கு நாள் பெண்கள் புலம்பினார்கள் என்று நியாயாதிபதிகள் நூல் முடிக்கிறது. அவளுடைய பெயரைக்கூட நூல் சொல்லவில்லை. அழுகையை மட்டும் காத்துவைத்திருக்கிறது.

செங்காந்தள்:

வாகைமாலை அவர்கள் சொன்ன அழுகைக்கு ஒரு சிறந்த சான்று கன்னட நாட்டுப்புறப் பாடலான ‘கெரெகெ ஹார’. ஊருக்கு ஏரி வெட்டுகிறார்கள், நீர் ஊறவில்லை. வீட்டு மருமகளைக் காவு கொடுத்தால் நீர் வரும் என்று குறி சொல்லப்படுகிறது. மூத்த மருமகள்களை விட்டுவிட்டு இளையவளான பாகீரதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. தாய்வீட்டுக்கு ஓடுகிறாள். முகம் வாடியிருப்பது ஏன் என்று பெற்றோர் கேட்கும்போது, மாமனார் எங்களைத் தனிக்குடித்தனம் வைக்கப்போகிறார் என்று வேறெதையோ சொல்கிறாள். போகட்டும் என்று அவர்கள் தேற்றுகிறார்கள். தோழியிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறாள். கொடுத்தால் கொடுக்கட்டும், கொடுத்தபடி இருக்கவேண்டியதுதான் என்பதே தோழிக்கும் சொல்லத் தெரிந்த ஆறுதல். பாகீரதி புகுந்த வீட்டுக்குத் திரும்பிவந்து, பூசைக்கான பொருள்களைச் சுமந்துகொண்டு ஏரிக்குள் இறங்குகிறாள். அவள் திரும்பி ஒவ்வொரு படியாக ஏற ஏற நீரும் கூடவே ஏறுகிறது.

இந்தப் பாடலில் பாகீரதி இசைகிறாள் என்று சொல்லலாம்; யாரும் அவள் கையைக் கட்டவில்லை. ஆனால் அந்த இசைவு எப்படி உண்டாகிறது என்பதைப் பாடல் வீடுவீடாக நம்மை அழைத்துச்சென்று காட்டுகிறது. எங்கே போனாலும், போகாதே என்று சொல்ல ஒருவரும் இல்லை. புலவர்களின் காவியங்கள் வியந்து பாடும் சம்மதத்தை, பெண்கள் பாடிவந்த பாடல் இவ்வளவு பொறுமையாகப் பிரித்துக் காட்டுவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. படையிலிருந்து கணவன் மாதேவராயன் திரும்பி வந்து மனைவியைக் கேட்கிறான். தாய்வீடு போயிருக்கிறாள் என்கிறார்கள் வீட்டார். தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்கிறார்கள் அவளுடைய பெற்றோர். நடந்ததை அவனிடம் சொல்பவள் அந்தத் தோழிதான். அவன் நேரே ஏரிக்குப் போய்க் குதித்துவிடுகிறான். அந்தச் சாவை யாரும் கேட்கவும் இல்லை, அதனால் எந்த ஏரியும் நிறையவும் இல்லை.